வலப்பக்கம் அறுத்த ஸ்டாண்டு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஷூ கம்பெனியை மூடிவிட்டார்கள், மெஷின்களை விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் என் கணவரும் போனோம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்போது நாங்கள் சென்னீர்குப்பத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு ஷெட்டில், ஷூவின் மேல்பாகம் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். பெரிய கம்பெனிகள் தோலை வெட்டி அனுப்பும். நாங்கள் தைத்துத் திருப்பி அனுப்புவோம். அடிப்பாகம் ஒட்டுவதும் பெட்டியில் போடுவதும் அவர்கள் வேலை.

எங்களிடம் ஒரே ஒரு மெஷின்தான் இருந்தது. மேசை போலத் தட்டையாக இருக்கும் சாதாரண ரகம். தட்டையான துண்டுகளை அதில் தைக்கலாம். ஆனால் இரண்டு பக்கத் துண்டுகளும் குதிகால் பக்கம் சேர்ந்து மூடிக்கொண்டால் ஷூ ஒரு கிண்ணம் மாதிரி ஆகிவிடும். கிண்ணத்தைப் பலகையில் வைத்து விளிம்பைச் சுற்றித் தைக்க வராது. அதற்குப் போஸ்ட் மெஷின் வேண்டும். மேசையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒரு தூண் நிற்கும். தூணின் தலையில்தான் ஊசி இறங்கும். கிண்ணத்தைத் தூண்மேல் கவிழ்த்து எந்தப் பக்கமும் திருப்பிக்கொள்ளலாம்.

என்னை அவர் உடன் அழைத்துப் போனதற்குக் காரணம், தைக்கப்போவது நான் என்பதுதான். மற்றபடி நான் வெளியிடங்களுக்கு உதவுகிற ஆள் இல்லை. ஆவடியில் டிஃபென்ஸ் பாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்கு வாய் திறக்காது. கல்யாணமான புதிதில் கடைக்குப் போய் உப்பு கேட்கக்கூட, கடையில் வேறு ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போவேன். தையல் எனக்குப் பிடித்துப்போனதற்கும் அதுதான் காரணமாக இருக்கும். மெஷின் ஓடும்போது யாரும் யாரிடமும் எதுவும் கேட்பதில்லை.

கம்பெனியின் ஷெட்டில் மெஷின்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் தாள் போர்த்திக்கொண்டு நின்றன. வாட்ச்மேன் தாளை விலக்கிக் காட்டினார். என் கணவர் பெயின்ட்டைப் பார்க்கமாட்டார். கையால் சுற்றும் சக்கரத்தை மெல்லத் திருப்பி, எங்காவது கல் மாட்டியது போலத் தட்டுகிறதா என்று பார்த்தார். ஊசி மாட்டும் கம்பியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டினார். டார்ச் அடித்து, நூலைக் கவ்வும் கொக்கியின் முனை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தார். ஒவ்வொரு மெஷினிடமும் இதே வேலை.

வாட்ச்மேனுக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னா நைனா, பொண்ணு பாக்குற மாதிரி பாத்துகினே கீற? எடுக்குறியா, இல்ல பஜ்ஜி சாப்ட்டு போறேன்றியா?"

"பஜ்ஜி குடுத்தா அதையும் சாப்புடறேன் தலைவா. மெஷின பாக்காம எட்க்க முடியுமா?" என்றார் என் கணவர்.

கடைசியில் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார். அதன் பெயின்ட் கை படும் இடமெல்லாம் போய் இரும்பு தெரிந்தது. அவர் காட்டியது தோலை இழுக்கும் சின்னப் பல் சக்கரத்தை. மற்ற மெஷின்களில் அந்தப் பற்களின் இடுக்கில் தோல் தூளும் ஒட்டுப்பசையும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. இதில் பற்கள் சுத்தமாக இருந்தன. யாரோ தினமும் ஊக்கு முனையால் நோண்டி எடுத்திருக்கிறார்கள். கொக்கிக்குப் பக்கத்தில் எண்ணெய் நனைத்து வைக்கும் கம்பளித் துண்டு இன்னும் ஈரமாக இருந்தது. கம்பெனி மூடுகிற நாள்வரை யாரோ எண்ணெய் விட்டிருக்கிறார்கள்.

நான் பையில் கொண்டுபோயிருந்த தோல் துண்டை வைத்துக் கையால் சக்கரத்தைச் சுற்றித் தைத்துப் பார்த்தேன். மேலும் கீழும் ஒரே மாதிரித் தையல். "இதுதான்" என்று தலையாட்டினேன்.

ஸ்டாண்டில் மட்டும் கோளாறு இருந்தது. கீழே, கால் வைக்கும் இடத்தில் குறுக்கே ஓடும் இரும்புப் பட்டை வலப்பக்கம் பாதியோடு அறுபட்டிருந்தது. அகலமான பெடலையும் காணோம். அதற்குப் பதிலாக இடது ஓரத்தில், உள்ளங்கை அகலத்தில் ஒரு தகடு தொங்கியது. முழங்காலால் தட்டினால் தோலை அமுக்கிப் பிடிக்கும் உருளை மேலே எழும்புமே, அந்தக் கம்பியும் இல்லை. "எவனோ கைக்கு வந்தபடி ரிப்பேர் பண்ணிக்கீறான். தலை நல்லா கீது, ஸ்டாண்ட நம்ம பாத்துக்கலாம்" என்றார் அவர்.

ஷெட்டுக்குக் கொண்டுவந்ததும் முதல் வேலையாக ஸ்டாண்டைச் சரிசெய்தார். அறுபட்ட இடத்தில் இரும்புக் கோணம் வைத்து வெல்டிங் போட்டார். இடது ஓரத் தகட்டைக் கழற்றிவிட்டு நடுவில் அகலமான பெடல் மாட்டினார். முழங்கால் கம்பியும் வாங்கிப் பொருத்தினார். ஸ்டாண்டு அசையாமல் நின்றது. அவருடையது கிறிஸ்தவக் குடும்பம். மெஷின் தலையில் கை வைத்து ஒரு நிமிஷம் கண் மூடி நின்றார். பிறகு ஸ்விட்சைப் போட்டார்.

அந்த மெஷினோடு எனக்கு நன்றாக ஒத்துப்போனது. தோல் தைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்வது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தினமும் செய்ய வேண்டும், அவ்வளவுதான். சாயங்காலம் எண்ணெய் விட்டால் காலையில் முதலில் கழிவுத் தோலில் கொஞ்ச நேரம் ஓட்ட வேண்டும். இல்லாவிட்டால் வெளிர் நிறத் தோலில் ஒரு சொட்டு இறங்கி, அந்த ஜோடியே போய்விடும். ஊசி இறங்கும் சத்தம் மாறினால் ஊசியை மாற்றிவிட வேண்டும். மோட்டாரின் பெல்ட் விறைத்தும் இருக்கக்கூடாது, தொங்கியும் போகக்கூடாது. மிதித்தவுடன் குதிரை மாதிரிப் பாய்கிற மோட்டார் அது. வளைவில் ஒவ்வொரு தையலாக இறக்க, பாதத்தைப் பாதி அமுக்கிப் பிடிக்க வேண்டும். பைக்கில் ஹாஃப் கிளட்சில் போவது போல என்பார் என் கணவர். என் வலது காலுக்கு அது சீக்கிரமே வந்துவிட்டது. அந்த நாட்களில் ஷெட்டுக்குப் போக எனக்கு விருப்பமாக இருந்தது. என்னால் நன்றாகச் செய்ய முடிகிற ஒரு காரியம் அது என்று எனக்கே தெரிந்திருந்தது.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் அந்தப் பெண் வந்தாள். என் வயதுதான் இருக்கும். வலது காலில் இடுப்புவரை இரும்புக் கம்பிகள் வைத்த காலிப்பர் போட்டிருந்தாள். சின்ன வயதில் போலியோ. வெயிலில் பஸ் ஸ்டாப்பிலிருந்து நடந்துவந்து, வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் உட்கார்ந்திருந்த மெஷினைப் பார்த்தாள்.

"அண்ணே, அம்பத்தூர்ல எட்த்துகினு வந்த மெஷினுதான இது?"

"ஆமா. நீ யாரும்மா?"

"நான் அதுல தெச்சவ. வாட்ச்மேன் சொன்னாரு, சென்னீர்குப்பம் பக்கம் போச்சுன்னு. டீக்கடைல கேட்டுகினே வந்தேன்."

என் கணவர் சிரித்தார். "பொண்ண கட்டி இட்டாந்தா பின்னாலயே மாமியாரும் வந்த கதையா கீதே."

"மாமியாராவே இருக்கறேண்ணே. வேல குடுங்க" என்றாள் அவளும் சிரித்துக்கொண்டே. பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. குனிந்து மெஷினின் கீழே பார்த்தவள் அப்படியே நின்றாள். "ஸ்டாண்ட இன்னாண்ணே பண்ணீங்க?"

"ஒடஞ்சி கெடந்துச்சி. வெல்டு வெச்சேன்."

"ஒடையல அண்ணே. எனக்காவ அறுத்தது."

நான் எழுந்து அவளுக்கு ஸ்டூலைத் தள்ளினேன். அவள் உட்கார்ந்து காலிப்பரின் முழங்கால் பூட்டைத் திறந்தாள். திறந்தும் கால் பாதிதான் மடங்கியது. முன்னால் நீட்டித்தான் வைக்க முடிந்தது. நீட்டிய கால், என் கணவர் வெல்டிங் வைத்த இரும்பில் போய் இடித்தது. அவளால் மேசைக்கு அருகில்கூட வர முடியவில்லை. இடது ஓரத்தில் இருந்த சின்னத் தகடு ஏன் என்று அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. அவளுக்கு வேலை செய்வது இடது கால் ஒன்றுதான். கம்பெனியில் இருந்த மெக்கானிக் ஒருவர் அவள் அளவுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்து கொடுத்தாராம். இப்போது அவர் ராணிப்பேட்டைப் பக்கம் போய்விட்டாராம்.

கம்பெனி மூடிய பிறகு வேறு இரண்டு மூன்று இடங்களில் கேட்டிருக்கிறாள். எல்லா இடத்திலும் நூல் வெட்டும் மேசையில் உட்காரச் சொன்னார்கள், இல்லையென்றால் வேண்டாம் என்றார்கள். மாங்காட்டில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். "ஒர்த்தரும் ஒண்ணும் சொல்லல யக்கா" என்று பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னாள். "சம்பளம் வந்துகினு இருந்தப்ப சோறு போடறப்ப அண்ணி எதுனா பேசிகினே போடுவாங்க. வேல போனப்பறம் பேசாம போடுவாங்க. அவ்ளோதான்."

அன்றைக்கு அவள் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குக் கொஞ்சம் தெரிந்தது. கையைப் பிசைந்துகொண்டு அவள் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

என் கணவர் நல்ல மனிதர்தான். ஆனால் அவருக்கும் வழி தெரியவில்லை. "ஒரு மெஷினுக்கு ரெண்டு பேரு எதுக்கும்மா? இவ தெக்கிறா. உனக்காவ மாத்துனா இவளுக்கு ஆவாது. காலைல ஒரு தபா, மத்தியானம் ஒரு தபா பெடல மாத்திகினே இருக்க முடியுமா, சொல்லு?"

அவள் தலையாட்டினாள். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அவள் பூட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டு எழுந்திருக்கப் போனாள்.

"பெடலு எடதுலயே இருக்கட்டும். நான் பழகிக்கிறேன்" என்றேன் நான்.

இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு முகம் சூடாகிவிட்டது. வேறொருவர் முன்னால் அவர் பேச்சுக்கு மாற்றாக நான் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் நடுவில் இருந்த பெடலைக் காட்டினார். "இன்னாம்மே, நெஜமாவா? எடது காலுல தெக்கிறது வெளையாட்டு இல்ல."

"ரெண்டு காலு நல்லா இருக்கிறவ நான்தானே. மாறிக்கிறது நானா இருந்தா என்ன?" என்றேன்.  தண்ணீர் கொண்டுவரப் போய்விட்டேன்.

அடுத்த நாள் வெல்டிங்கை அறுத்தார், முழங்கால் கம்பியையும் கழற்றினார். பட்டை இல்லாமல் ஸ்டாண்டு மறுபடியும் ஆடியது. பின்பக்கம் சாய்வாக ஒரு கோணம் கொடுத்து ஆட்டத்தை நிறுத்தினார். மேசைப் பலகையின் அடியில் பழைய ஓட்டைகள் இருந்ததால் தகட்டை எங்கே மாட்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவளை உட்காரவைத்து உயரத்தை மட்டும் சரிபார்த்தார். "இன்னும் ஒரு நூல் அளவு மேல. ஆங், போதும் போதும்" என்றாள். பிறகு மிதித்தாள். கிண்ணத்தைத் தூணில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஒரே ஓட்டமாக வந்து நிறுத்தினாள். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது.

காலையிலிருந்து மத்தியானம்வரை அவள். அவள் பஸ்ஸுக்குக் கிளம்பியதும் நான். அவள் தைக்கும் நேரத்தில் நான் தட்டை மெஷினில் துண்டுகளைச் சேர்ப்பேன்.

இடது காலுக்குப் பழகுவது நான் நினைத்ததைவிடக் கஷ்டமாக இருந்தது. வலது காலுக்குத் தெரிந்த நிதானம் இடது காலுக்குத் தெரியவே தெரியாது. மிதித்தால் பாயும், பயந்து எடுத்தால் நின்றுவிடும். மத்தியானம் அவள் கிளம்புவதற்கு முன் சாப்பிடும் நேரத்தில், நூல் போடாமல் கழிவுத் தோலில் வெறும் ஊசியை ஓட்டிப் பழகினேன். வளைவு போட நினைத்த இடமெல்லாம் ஓட்டைகள் கோணல் மாணலாக ஓடின. மோட்டார் ஒவ்வொரு தடவை உறுமும்போதும் அவள் தலையைத் தூக்கிப் பார்ப்பாள்.

"யக்கா, உன் எடது காலுக்குக் கோவம் ஜாஸ்தி."

"உன்னுது மட்டும் சாதுவா?"

"எனக்குக் கீறதே அது ஒண்ணு. கோவிச்சுகினா ஊடு போவ முடியாதே."

இப்படித்தான் பேசுவோம். அதிகம் இல்லை. அவளும் பேசுகிற ரகம் கிடையாது. காலையில் வந்ததும் ஒரு ஊக்கை எடுத்துப் பல் சக்கரத்தை நோண்டுவாள். பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் உருளையில் ஒட்டிய பசையைத் துடைப்பாள். கம்பளித் துண்டைத் தொட்டுப் பார்த்து எண்ணெய் விடுவாள். சாயங்காலம் அதையெல்லாம் நான் செய்வேன். ஒருவர் விட்டுப்போன இடத்திலிருந்து மற்றவர் தொடர்வோம். அவள் நூலை எந்த அளவு இறுக்கி வைத்துவிட்டுப் போனாளோ அதிலேயே நான் தைப்பேன். மாற்றத் தேவையே வந்ததில்லை.

இரண்டு மழைக்காலம் இப்படி நன்றாகவே போனது. மூன்றாவது மழைக்காலத்தில் அவள் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்துவிட்டாள். மாங்காட்டிலிருந்து குமணஞ்சாவடி வந்து, அங்கே பஸ் மாறி வருவாள். காலிப்பர் காலை முதலில் கீழே ஊன்றிவிட்டு அடுத்த காலை எடுப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. இடுப்பு எலும்பு முறிந்தது. ஆஸ்பத்திரியில் நாங்கள் பார்க்கப் போனபோது அவள் எங்களிடம் கேட்டது, "கம்பளித் துணிக்கு எண்ண விட்டீங்களா?" என்பதுதான். விட்டோம் என்றேன். அப்புறம் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

எலும்பு கூடியது. ஆனால் இனிமேல் பஸ் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டுக்குள் கைக்கட்டையை ஊன்றி நடக்கலாம், அவ்வளவுதான்.

மறுவாரம் ஒருநாள் என் கணவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு மெஷினின் கீழே குனிந்தார். நான் என்ன என்று கேட்டேன்.

"இன்னும் எதுக்கும்மே எடது பக்கம்? நடுவுலயே மாட்டிட்டா உனக்கு சுளுவா போவும்."

"வேணாம். அவ ஊட்டுக்குக் கொண்டுபோய் வெச்சிடலாம்" என்றேன். சொல்வதற்கு முன் பல நாளாக எனக்குள்ளேயே சொல்லிப் பார்த்திருந்தேன். "வெட்டுன தோலை அங்க அனுப்புவோம். வாரத்துக்கு ரெண்டு வாட்டி நீங்கதான் அந்தப் பக்கம் போறீங்களே."

அவர் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப நமக்கு?"

"நமக்கு வேற பாக்கலாம். பாக்கத்தான் உங்களுக்குத் தெரியுமே."

ஸ்பானரைத் துணியால் துடைத்து வைத்தார். "அவ அண்ணங்காரன் ஊட்ல த்ரீ ஃபேஸ் கரண்டு கெடயாது. மோட்டாரு மாத்தணும்" என்றார். அவர் ஒத்துக்கொண்டார் என்று அதிலிருந்து தெரிந்துகொண்டேன். கொடுக்கல் வாங்கல் பற்றி அவரும் அவள் அண்ணனும் பேசி முடித்துக்கொண்டார்கள். அதில் நான் தலையிடவில்லை.

மெஷினை மூன்று சக்கர சைக்கிள் வண்டியில் ஏற்றி, பழைய போர்வையைச் சுற்றிக் கட்டி மாங்காட்டுக்குக் கொண்டுபோனோம். கோயில் தெருவைத் தாண்டி உள்ளே போகும் சந்தில் அவர்கள் வீடு. முன்னறையில் ஜன்னலோரம் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அங்கே கிடந்த கட்டிலை வெளியே எடுத்துப் போட்டிருந்தார்கள். அவளுடைய அண்ணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "இம்மாம் பெரிசா? நானு தையல் மெஷினுன்னா எங்கம்மா ஊட்ல கீற மாதிரின்னு நெனச்சேன். இனிமே ஆம்பள படுக்கறது எங்க, கூரை மேலயா?"

"நான் எங்கனா படுத்துக்கறேன், நீ சும்மா கெட" என்றார் அண்ணன்.

தரை சமமாக இல்லை. ஸ்டாண்டின் ஒரு காலுக்கு அடியில் ரப்பர் துண்டு வைத்து ஆட்டத்தை நிறுத்தினார் என் கணவர். சின்ன மோட்டாரை மாட்டி பெல்ட்டைச் சரிபார்த்தார். முணுமுணுத்துக்கொண்டிருந்த அண்ணி உள்ளே போய், குங்குமமும் மஞ்சளும் குழைத்துக் கிண்ணத்தில் எடுத்துவந்தார். மெஷின் தலையில் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். அப்படியே கையைக் கீழே கொண்டுபோனபோது என் கணவர் பதறிவிட்டார். "யம்மா, அந்த சக்கரத்துல மட்டும் வேணாம்! மொத ஜோடிலயே செவப்பு ஏறிடும்."

"சாமி காரியத்துல கொற சொல்றாரு பாரு" என்றார் அண்ணி. ஆனாலும் கையை எடுத்துவிட்டார்.

அவள் கைக்கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தாள். மெலிந்துபோயிருந்தாள். பூட்டைத் திறந்து காலை நீட்டினாள். அறுபட்ட பட்டையைத் தாண்டி கால் முன்னால் போனது. ஊக்கை எடுத்துப் பல் சக்கரத்தை ஒருமுறை நோண்டினாள். அதில் எடுக்க ஒன்றும் இல்லை, நான் முந்தின நாளே துடைத்திருந்தேன். பையிலிருந்து ஒரு மேல்பாகத்தை எடுத்துக் கொடுத்தேன். தூணில் கவிழ்த்தாள். இடது பாதத்தைத் தகட்டில் வைத்து, கொஞ்ச நேரம் அமுக்காமல் இருந்தாள்.  அந்தக் காலும் விழுந்ததில் பலம் குறைந்திருக்குமோ என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

மிதித்தாள். முதலில் ஒவ்வொரு தையலாக இறங்கியது. பிறகு ஓடியது. சின்ன அறை அதிர்ந்தது. ஜன்னல் கம்பி சலசலத்தது. பக்கத்து வீட்டுக் குழந்தை ஒன்று எட்டிப் பார்த்தது.

அவள் சுற்றி முடித்து நூலை வெட்டியதும் அண்ணி காதிலிருந்து கையை எடுத்தார். "ஏண்டீ, இந்த சத்தம் நாள்பூரா கேக்குமா?"

அவள் அடுத்த மேல்பாகத்துக்குக் கை நீட்டியபடியே சொன்னாள்.

"நாள்பூரா கேக்கும் அண்ணி."